குழாயா, டிரங்க் காலா, பஸ்ஸா, தபாலா? இணையத்தைப் புதியவர்களுக்கு எதை வைத்துச் சொல்வது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்னக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து ஸ்மார்ட்போன் வகுப்பு எடுக்கிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் அம்மாக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு தையல்காரர். எதை அழுத்தினால் என்ன வரும் என்று காட்டிக் கொடுப்பது சுலபம். ஆனால் இரண்டாவது வாரமே யாராவது கேட்டுவிடுவார்கள்: "தம்பி, இந்த நெட்டு எங்கேருந்துதான் வருது?"

இந்தக் கேள்விக்கு நான்கு உவமைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான்கையும் எடைபோட எனக்கு அளவுகோல் ஒன்றுதான். வீட்டுக்குப் போன பிறகு ஃபோனில் ஏதாவது சிக்கினால், பக்கத்து வீட்டுப் பையனைத் தேடாமல், "இது இதனால்தான் இருக்கும்" என்று அவரே யோசிக்க அந்த உவமை கைகொடுக்கிறதா?

முதலில் தண்ணீர்க் குழாய். யார் சொல்லிக் கொடுத்தாலும் முதலில் வாயில் வருவது இதுதான். காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. தண்ணி வருதா, கரண்ட் வருதா, நெட் வருதா என்று மூன்றையும் ஒரே மாதிரிதான் கேட்கிறோம். காலையில் போட்ட டேட்டா சாயங்காலம் "தீர்ந்துபோச்சு" என்கிறோம், தொட்டி காலியான மாதிரி. வேகத்தை விளக்க இந்த உவமை நன்றாகவே உதவும். குழாய் பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நிறைய வரும். வீட்டில் நாலு பேர் ஒரே சமயத்தில் திறந்தால் எல்லோருக்கும் குறையும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு 100 எம்பி படம் ஏன் இறங்கவில்லை என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு, படத்தின் அளவோ பைட்டில், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் அதிகபட்சம் பன்னிரண்டரை எம்பிதான் என்றேன். குடத்துக்கும் செம்புக்கும் உள்ள வித்தியாசம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஆனால் அதோடு குழாயை மூடிவிட வேண்டும். நீட்டிக்கொண்டு போனால் கெடுதல்தான். எங்கோ பெரிய தொட்டியில் "இணையம்" என்று ஒரு பொருள் நிரம்பிக் கிடக்கிறது, அது நம்மை நோக்கி ஒரே திசையில் ஓடி வருகிறது என்று மனதில் பதிந்துவிடும். உண்மையில் பெரும்பாலும் நாம் கேட்காமல் ஒன்றும் வராது. வீடியோவைத் தொட்டதும் நம் ஃபோன் முதலில் ஒரு கோரிக்கையை வெளியே அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் கிளம்புகிறது. ஒவ்வொரு தொடுதலிலும் நம்மிடமிருந்து ஏதோ ஒன்று வெளியே போகிறது என்பது புரியாதவருக்கு, எந்த லிங்கைத் தொடக் கூடாது என்பதை எப்படிப் புரிய வைப்பது?

அடுத்தது டிரங்க் கால், அந்தக் காலத்து வெளியூர் ஃபோன் பேச்சு. தபாலாபீசில் பேர் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு மட்டும் இது நடக்கும். கடலூருக்கும் பம்பாய்க்கும் நடுவே ஒரு வழியை ஆபரேட்டர் பிடித்துக் கொடுப்பார். பேசி முடிக்கும் வரை அந்த வழி உங்களுடையது. நடுவில் எங்கே கம்பி அறுந்தாலும் பேச்சு போச்சு. இணையம் இதற்கு நேர் எதிர், இங்கே யாருக்கும் தனி வழி கிடையாது. 1960களில் அமெரிக்காவில் பால் பாரன் என்ற பொறியாளரும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் என்ற கணினி அறிஞரும் தனித்தனியாக யோசித்துச் சேர்ந்த இடம் இதுதான்: செய்தியைத் துண்டு துண்டாக்கு, ஒவ்வொரு துண்டும் கிடைத்த வழியில் போகட்டும். துண்டுக்கு 'பாக்கெட்' என்று பேர் வைத்தவர் டேவிஸ். ஆகவே டிரங்க் கால் இணையத்தைக் காட்டாது, இணையம் எது இல்லை என்பதைக் காட்டும். எழுபது வயதுக்காரரிடம் இதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்கவாவது ஒருமுறை சொல்லலாம்.

பஸ் உவமை எனக்குப் பிடித்தது. ஒரு கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து நாற்பது பேர் கடலூருக்கு வருகிறார்கள். எல்லோரும் ஒரே வண்டியில் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. பாதிப் பேர் ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி தொட்டு வருவார்கள், பாதிப் பேர் விழுப்புரம், பண்ருட்டி என்று சுற்றி வருவார்கள். முன்னால் கிளம்பியவர் பின்னால் வந்து சேரலாம், மண்டபத்தில் வரிசைப்படுத்திக்கொண்டால் போதும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது ஒரு சாலை போனால் இன்னொரு சாலை என்று தவித்தவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு பாதை அடைபட்டால் இணையமும் வேறு பாதையைத் தேடும் என்று சொன்னால் அவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. நெரிசலும் அப்படித்தான், ராத்திரி ஒன்பது மணிக்கு ஏன் மெதுவாகிறது என்று தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் பஸ்ஸில் போவது மனிதர்கள். வழியில் ஒருவர் தொலைந்துபோனால் அவரைப் போலவே இன்னொருவரை மறுபடி அனுப்ப முடியாது. இணையத்தில் அதுதான் சாதாரண வேலை. இதைக் காட்ட முடியாததால் பஸ்ஸுக்கு என் கணக்கில் இரண்டாம் இடம்.

இனி தபால். இதைத்தான் இப்போது முதலில் எடுக்கிறேன். ஆனால் "இணையம் தபால் மாதிரி" என்று வாயால் சொன்னால் ஒன்றும் ஏறாது, கையில் அட்டையைக் கொடுக்க வேண்டும். ஐம்பது காசு போஸ்ட் கார்டு எட்டு வாங்கி, அட்டைக்கு ஒரு சொல்லாக ஒரு சேதி எழுதினேன்: வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு பண்ருட்டி பஸ்ஸில் பலாப்பழம் வருது. ஒவ்வொன்றிலும் மூலையில் 1 முதல் 8 வரை எண், பெறுபவர் பெயர், அனுப்புபவர் பெயர். கூடத்தின் ஒரு மூலையில் நான், எதிர் மூலையில் மீன்கார அம்மா ஒருவர். நடுவில் இருப்பவர்களுக்கு ஒரே விதி: பெயரை மட்டும் பார், அந்த மூலைக்குக் கிட்டத்தில் இருப்பவரிடம் தள்ளு. யாருக்கும் முழு வழியும் தெரிய வேண்டாம். இந்த நடு ஆட்கள்தான் ரூட்டர்கள்.

தையல்காரரிடம் மட்டும் தனியாக, ஒரு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அட்டைகள் 2, 1, 5, 4 என்று கலைந்து போய்ச் சேர்ந்தன. அம்மா தரையில் பரப்பி எண்படி அடுக்கினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்: "தம்பி, காலை எத்தனை மணிக்கு? மூணாவது அட்டை வரலையே!" நான் என் தாளைப் பார்த்து 'ஆறு' என்று இன்னொரு அட்டை எழுதி அனுப்பினேன். வந்துவிட்டது என்று பதில் வரும் வரை அனுப்பியவர் தன் பிரதியை வைத்திருக்க வேண்டும், பதில் வராத துண்டை மறுபடி அனுப்ப வேண்டும். அமெரிக்கப் பொறியாளர்கள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் எழுதி வெளியிட்ட விதிகளிலிருந்து வளர்ந்த டிசிபி என்கிற இணைய விதித்தொகுப்பு செய்யும் வேலையும் இதுதான். அன்றைக்கு நான் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை.

தபாலில் இன்னொரு புதையல் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்ததும் ஆகஸ்ட் 15தான், 1995இல். 607001 என்றால் மஞ்சக்குப்பம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். டெல்லியில் பிரிப்பவருக்கு மஞ்சக்குப்பம் தெரிய வேண்டாம், முதல் 6ஐப் பார்த்துத் தெற்கே தள்ளினால் போதும். கிட்டே வர வர அடுத்த இலக்கங்கள் வேலைக்கு வரும். இணையத்தில் சேர்ந்த கருவிக்கு உள்ள எண்தான் ஐபி முகவரி, அதையும் ரூட்டர்கள் இப்படி முன்பகுதியைப் பார்த்துத்தான் தள்ளுகின்றன. புதுச்சேரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணமும் உண்டு. புதுச்சேரி 605, காரைக்கால் 609, மாஹே 673, ஏனாம் 533. ஒரே அரசு, நான்கு தொடக்கம். விழுப்புரம் தமிழ்நாடு, ஆனால் அதுவும் 605. தபால்காரருக்கு முக்கியம் எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பது, எந்த ஆட்சி என்பது இல்லை. ஐபி எண்களும் போகும் வழியை ஒட்டித்தான் பிரிந்திருக்கின்றன.

நாம் எண்ணைத் தட்டுவதில்லை, பெயரைத்தானே தட்டுகிறோம்? பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் பின்கோடு புத்தகம் ஒன்று இருக்கிறது, அதன் பேர் டிஎன்எஸ், 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் வகுத்தது. சில நேரம் வைஃபை நன்றாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது. அப்போது இந்தப் புத்தகம் கிடைக்காமல் இருக்கலாம், சாலையில் தவறு இல்லை.

போஸ்ட் கார்டை வழியில் யாரும் படிக்கலாம், ஒட்டிய கவரைப் படிக்க முடியாது. இணைய முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால் ஒட்டிய கவர் என்று பொருள். கவர் ஒட்டியிருப்பதால் எழுதியவர் யோக்கியர் ஆகிவிட மாட்டார். ஏமாற்றுக்காரனும் நன்றாகவே ஒட்டி அனுப்புவான். இதை மட்டும் நான் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பணம் போகிறது.

தபால் உவமை தடுமாறும் இடங்களும் உண்டு. ஒன்று நேரம். தபால் என்றதும் நாலு நாள் நினைவுக்கு வரும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடிக் கேபிள் வழியாகச் சிங்கப்பூரிலிருந்து சேதி வந்து சேர, கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. சாட்டிலைட்டில் வருகிறது என்று நினைத்திருந்தவர்கள், கடலுக்கடியில் கம்பி என்றதும் வாய் பிளந்தார்கள். வலை மாட்டாதா என்று ஒருவர் கேட்டார். மாட்டும், உலகம் முழுக்கக் கடல் கேபிள்கள் அறுபட நங்கூரமும் மீன்பிடி வலையும்தான் பெரிய காரணங்கள்.

இன்னொரு தடை இதைவிடப் பெரியது. கடிதம் போட்டால் அது உங்கள் கையை விட்டுப் போகும். படம் அனுப்பினால் உங்களிடமும் இருக்கும், அவரிடமும் இருக்கும், நடுவில் சேமித்து வைத்த சர்வர் என்கிற கம்பெனிக் கணினியிலும் இருக்கலாம். அனுப்புவது என்கிற சொல்லே தப்பு, நடப்பது ஜெராக்ஸ். ஆதார் அட்டையைப் படம் எடுத்து முகம் தெரியாதவருக்கு அனுப்பிவிட்டு, "அழிச்சிட்டேன் தம்பி, பரவால்லதானே?" என்று ஒரு அக்கா கேட்டபோதுதான் எனக்கே இது உறைத்தது. அவர் அழித்தது தன்னிடம் இருந்த நகலை. அன்றிலிருந்து தபால் வகுப்பில் ஒரு ஜெராக்ஸ் தாளையும் சேர்த்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு அம்மா, மகன் துபாயில் இருக்கிறார், கேட்டார்: "வீடியோல பேசும்போது ஒரு அட்டை தொலைஞ்சா, திரும்ப அனுப்பச் சொல்ல ஏது நேரம்?" நேரம் இல்லைம்மா, அதனால் நேரடிப் பேச்சில் தொலைந்ததைப் பெரும்பாலும் தொலைந்ததாகவே விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்கள் என்றேன். "அதான் அவன் முகம் கட்டம் கட்டமா ஆகுதா!" கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "அப்ப படத்தை நிறுத்திட்டுப் பேச்சு மட்டும்னா அட்டை கொஞ்சமாத்தானே வேணும், நல்லா கேக்கும் இல்ல?" கேட்கும்மா என்றேன். ஃபோனை எடுத்து அங்கேயே மகனைக் கூப்பிட்டார்.