புலியும் ஆடுமா, 12 காசா?

சாயங்காலம் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் நண்பர்கள் நாலு பேர் உட்கார்ந்தால், இந்த இரண்டு புதிர்களில் எதைப் போடலாம்?

புலி, ஆடு, புல்லுக்கட்டு எல்லோருக்கும் தெரிந்தது. படகில் ஆளோடு ஒன்றுதான் ஏறும். தனியே விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். காவிரி கண்ணெதிரே ஓடுவதால் விளக்கம்கூட வேண்டாம். 7 நடையில் முடிந்துவிடும். அக்கரையில் விட்ட ஆட்டை மறுபடி இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் முடிச்சு. அது அவிழ்ந்தால் ஆட்டம் முடிந்தது.

12 காசுப் புதிர் வேறு ரகம். ஒன்று மட்டும் போலி. கனமா லேசா தெரியாது. தராசில் 3 முறைதான் நிறுக்கலாம்; அதற்குள் எது போலி, அது கனமா லேசா என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் படியில் 12 புளியங்கொட்டையைப் பரப்பி, நாலு நாலாகப் பிரித்து, ஒரு நாலை இன்னொரு நாலோடு நிறுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நிறுவையில் தட்டு சமமாக நின்றால், மீதி நாலில்தான் போலி; சரி, நிம்மதி. ஒரு பக்கம் சாய்ந்தால்தான் சண்டையே. எட்டின் மேலும் சந்தேகம். ஆனால் ஒதுக்கி வைத்த நாலும் நல்ல காசு என்று அப்போதே உறுதியாகிவிடுகிறது. அதை யாராவது கவனித்துக் கத்துவார்கள் பாருங்கள், அந்த நொடிக்காகவே இதைப் போடலாம். ஒரு நிறுவைக்கு 3 முடிவு, 3 முறைக்கு 27. கண்டுபிடிக்க வேண்டிய சாத்தியங்களோ, 12 காசில் ஒவ்வொன்றும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம் என்பதால், 24. அவ்வளவு நெருக்கம்!

சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் புலியும் ஆடும் போதும். பெரியவர்கள் மட்டும் என்றால் நான் புளியங்கொட்டையைத்தான் எடுப்பேன். விடை தெரிந்தவர் முதல் அரை மணி நேரம் வாய் திறக்கக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு.