படகுத்துறையில் பழைய நூல்கள்: ஃபியார்லாந்தின் புத்தக ஊர்

நார்வேயின் மேற்குப் பகுதியில், சோங்னே ஃபியார்டிலிருந்து (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழி) வடக்கே பிரியும் ஒரு கிளையின் கோடியில் இருக்கிறது ஃபியார்லாந்து. ஏறத்தாழ 300 பேர் வாழும் இந்தச் சிற்றூரில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து 'நார்வே புத்தக ஊர்' என்ற பெயரில் பழைய புத்தகக் கடைகள் இயங்கி வருகின்றன. பழைய புத்தகக் கடைகளால் பெயர்பெற்ற, வேல்ஸிலுள்ள ஹே-ஆன்-வை என்ற ஊரைப் பார்த்துப் பிறந்த முயற்சிதான் இது. எனினும், ஊரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைகள் வேறொரு விதமாகப் புலப்படும்.

கடைகளுக்கென்று பெரிய கட்டடம் எதையும் எழுப்பாமல், மாட்டுத் தொழுவம், வங்கி, அஞ்சலகம், படகுக்குக் காத்திருப்போர் கூடம் என்று பழைய பயன்பாட்டை இழந்த இடங்களிலேயே அலமாரிகளை வைத்திருக்கிறார்கள். எல்லா அலமாரித் தட்டுகளையும் நீளவாக்கில் அடுக்கினால் சுமார் 4 கிலோமீட்டர் வருமாம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது காத்திருப்போர் கூடம்தான். ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் யூஸ்தெடால் பனியாறு படர்ந்த மலைகளுமாக அடைபட்டுக் கிடந்த ஊருக்கு, 1986 வரை வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பே கிடையாது. வருவோரும் போவோரும் படகையே நம்பியிருந்தார்கள். பனியாற்றைக் காண நீராவிக் கப்பல்களில் வந்த பயணிகளுக்காக 1891இல் கட்டப்பட்ட மரத்தாலான முண்டால் விடுதி இன்றும் அருகிலேயே நிற்கிறது. பிறகு மலையைக் குடைந்து 6.4 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை அமைத்தார்கள். அதைத் திறந்துவைத்தவர் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேல். அவருடைய முன்னோர் இங்குள்ள முண்டாலைச் சேர்ந்தவர்கள், குடும்பப் பெயரும் அந்த இடத்தின் பெயரேதான். சாலை வந்ததும் படகுத்துறையின் முக்கியத்துவம் குறைந்தது. படகை எதிர்பார்த்து மக்கள் அமர்ந்திருந்த அறையில் இன்று புத்தகங்கள் வாசகரை எதிர்பார்த்திருக்கின்றன.

இனி சரக்கைப் பற்றி. பெரும்பாலானவை நார்வேஜிய மொழி நூல்கள் என்பதால், அம்மொழி அறியாதவர்களுக்குத் தெரிவு வெகுவாகச் சுருங்கிவிடும். ஆங்கில நூல்கள் உண்டு, ஆனால் குறிப்பிட்ட ஒரு தலைப்பைத் தேடி வருபவர் ஏமாறவே வாய்ப்பு அதிகம். தேடாமல் புரட்டுபவருக்கே இந்த இடம் பலன் தரும். துப்பறியும் நாவல்களும் சித்திரக்கதைகளும் நிறைய இருக்கின்றன. சாலையோரத்தில் ஆளில்லாத அலமாரிகளும் உண்டு: பிடித்ததை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். காவல் இல்லாத கல்லாப்பெட்டி இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருப்பதே எனக்கு வியப்பு.

புத்தகங்களுக்காக மட்டுமே இவ்வளவு தூரம் வருமாறு நான் பரிந்துரைக்க மாட்டேன். நார்வேயின் கட்டடக் கலைஞர் ஸ்வெர்ரே ஃபென் வடிவமைத்து 1991இல் திறக்கப்பட்ட பனியாற்று அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதானால் ஒரு முழு நாள் தகும். கடைகள் மே முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையே முழு அளவில் இயங்குவதால், குளிர்காலத்தில் போவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.