கல்யாண டிவிடியை மொபைலுக்கு மாற்ற ஹேண்ட்பிரேக்: எங்கே கை கொடுக்கிறது, எங்கே சறுக்குகிறது

பீரோவில் கிடக்கும் கல்யாண டிவிடியை மொபைலில் பார்க்க வேண்டும் என்றால், இலவச மென்பொருள்களில் முதலில் ஹேண்ட்பிரேக்கைத்தான் சொல்வோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் வாட்டர்மார்க்கும் இல்லை, பாதி வீடியோவோடு நிறுத்திவிட்டுப் பணம் கேட்கும் வேலையும் இல்லை. ஆனால் ப்ரீசெட் என்ற தயார் செட்டிங் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் அழுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். கல்யாண டிவிடிக்கு நாலைந்து இடங்களில் கை வைத்தே ஆகணும்.

டவுன்லோடு செய்வது ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர் தளத்திலிருந்து மட்டும் இருக்கட்டும். 2017 மே மாதம் ஒரு மிரர் சர்வருக்குள் (டவுன்லோடு ஃபைலின் நகல் வைத்திருக்கும் சர்வர்) யாரோ புகுந்து, மேக் பதிப்பில் புரோட்டான் என்ற மால்வேரைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் ஃபைல் மாறவில்லை என்று காட்டும் செக்சம் எண்ணைத் தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்வது நல்லது.

டிஸ்கிலிருந்து நேராக மாற்ற வேண்டாம். டிஸ்கில் படம் இருக்கும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை முழுசாக ஹார்டு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். கீறல் விழுந்த டிஸ்க் என்றால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். பிறகு ஹேண்ட்பிரேக்கில் அந்த ஃபோல்டரையே திறக்கணும். உள்ளே இருக்கும் விஓபி (VOB) வீடியோ ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் வெட்டப்பட்டவை. தனித்தனியாக மாற்றினால், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் படமோ சத்தமோ அறுந்து போகும், ஓடும் நேரமும் தப்பாகக் காட்டும். கடையில் வாங்கிய சினிமா டிவிடியின் காப்பி பூட்டை இது திறக்காது. வீட்டு டிவிடியில் அந்தப் பூட்டு பொதுவாக இருக்காது.

ப்ரீசெட்டில் டிவைசஸ் பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு 576பி25 எடுங்கள். நம்மூர் டிவிடி பால் (PAL) என்ற டிவி முறையில் 720×576 அளவில் இருப்பதால் இதுவே பொருத்தம். 1080பி ப்ரீசெட் போட்டாலும் டிவிடியில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வந்துவிடாது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இன்டர்லேஸ் விஷயத்தில். அந்தக் கால வீடியோ கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு ஃபீல்டாக எடுத்தது. நொடிக்கு 25 ஃபிரேம், 50 ஃபீல்டு. பழைய டியூப் டிவி அதை அப்படியே காட்டியது. மொபைல் திரையோ இரண்டு ஃபீல்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டும். ஊர்வலத்தில் கை வீசுகிறவர், அட்சதை தூவுகிற கை என்று அசையும் எதன் ஓரத்திலும் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவது அதனால்தான். ப்ரீசெட்டில் வரும் டீகோம்ப் ஃபில்டர் இந்தக் கோடுகளை ஓரளவு எடுத்துவிடும், ஆனால் நொடிக்கு 25 ஃபிரேம்தான் மிஞ்சும். ஃபில்டர்ஸ் பகுதியில் இன்டர்லேஸ் டிடெக்‌ஷனை ஆஃப் செய்து, டீஇன்டர்லேஸில் பிடபிள்யூடிஃப் (Bwdif) எடுத்து, அதில் ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃபிரேமாக்கும் பாப் (Bob) வையுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 50 ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் ப்ரீசெட்டின் 25 வரம்பு பாதி ஃபிரேமைத் தள்ளிவிடும், பாப் வைத்ததே வீண். சரியாக வைத்தால் அசைவு அன்று டிவியில் ஓடியது போலவே வழுக்கிக்கொண்டு போகும்.

முகங்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால் டைமென்ஷன்ஸ் பகுதியைப் பாருங்கள். 4:3 படம் 768×576 ஆகவும், 16:9 படம் 1024×576 ஆகவும் விரியணும். டிவிடியைத் தயாரித்தவர் (ஆதரிங்) தவறான அகல-உயரக் குறி வைத்திருந்தால் அனமார்ஃபிக் என்ற அமைப்பை கஸ்டம் ஆக்கி, காட்டும் அகலத்தை நீங்களே கொடுக்கலாம்.

கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) எச்.264, 8 பிட். எச்.264-இல் 10 பிட் எடுத்தால் மொபைலின் ஹார்டுவேர் டிகோடர் அதைத் தொடாது. படம் திக்கும், பேட்டரியும் கரையும். தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் (RF) எண்ணை 20 வையுங்கள். எண் குறையக் குறைய தரமும் ஃபைல் அளவும் கூடும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்ததில் புள்ளி இரைச்சல் நிறைய இருந்தால், இரைச்சலைக் குறைக்கும் என்எல்மீன்ஸ் (NLMeans) டீநாய்ஸை லைட் அளவில் போடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் ஃபைல் நன்றாக இளைக்கும்.

ஆடியோ ஏஏசி ஸ்டீரியோ, 160 கேபிபிஎஸ். டிவிடியின் ஏசி3 ஆடியோவை அப்படியே விட்டால் பல மொபைல்களில் படம் ஓடும், சத்தம் வராது. பேச்சு மெதுவாகக் கேட்கிறதே என்று கெயினை (சத்த அளவை) ஏற்றுகிறவர்கள் நாதஸ்வரம் வரும் இடத்தையும் கேட்டுப் பாருங்கள், கெட்டிமேளம் பிளிறிவிடும்.

இதன் பெரிய குறை, எந்த வீடியோவையும் மறு என்கோடு (புதிதாகச் சுருக்கி எழுதுவது) செய்யாமல் விடாது என்பது. ஏற்கெனவே எச்.264-இல் இருக்கும் எம்கேவி ஃபைலில் ஆடியோ மட்டும்தான் சிக்கல் என்றால் ஹேண்ட்பிரேக் வேண்டவே வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இன்னொரு இலவச மென்பொருளில் வீடியோவை அப்படியே காப்பி செய்து ஆடியோவை மட்டும் ஏஏசி ஆக்கினால், தரமும் குறையாது, வேலையும் சட்டென்று முடியும்.

முழு டிவிடியையும் ஓடவிடும் முன், ரேஞ்சில் செகண்ட்ஸ் எடுத்து அசைவு அதிகமான ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி மொபைலில் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சரியாக வந்தால் அந்த செட்டிங்கைப் புது ப்ரீசெட்டாகச் சேமித்து, மிச்ச டிவிடிகளை க்யூவில் அடுக்கி ராத்திரி ஓடவிடலாம்.