ரூ.18,500 போச்சு. ஆன்லைனில் கிளாம்ப் சிடி (வயரைச் சுத்தி மாட்டுற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. பறிச்ச இலையை வாட வைக்கிற விதரிங் ட்ரஃப் ஃபேன் மட்டும் எவ்வளவு யூனிட் எடுக்குதுன்னு தனியா பார்க்க, மூணு ஃபேஸ் மீட்டர் ஒண்ணு, 200/5 கிளாம்ப் சிடி (லைன்ல 200 ஆம்பியர் ஓடினா மீட்டருக்கு 5 ஆம்பியர் குடுக்கும்) மூணு வாங்கினோம். எலக்ட்ரிகல் சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் கடை. ரூ.18,500, முழுசும் முன்கூட்டியே.

டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டதும் பத்தே நிமிஷத்துல வாட்ஸ்அப்ல வந்தது. துல்லியத்துக்கு கிளாஸ் 0.5, மூணு சீரியல் நம்பர், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. "மலையில நிறைய ஃபேக்டரிக்கு நாங்கதான் அண்ணா குடுக்கிறோம்"னு ஒரு பேச்சு வேற. அதை நம்பித்தான் பணம் போட்டோம். வந்த மூணு கிளாம்ப்ல ஒண்ணுலகூட அந்த நம்பர் இல்லை.

மாட்டினா மொத்தம் 2.2 கிலோவாட் காட்டுது. அதே நேரம் ஈபி மீட்டர்ல 33. டாங் டெஸ்டர்ல (வயரைக் கவ்விக் கரண்ட் பார்க்கிற கருவி) ஒவ்வொரு ஃபேஸும் 60 ஆம்பியர். புது மீட்டர்ல ஆர் ஃபேஸ் சரியா 11 கிலோவாட். ஒய் ஃபேஸ் மைனஸ் 11, ஏன்னா கரண்ட் போற திசையைக் காட்டுற அம்புக்குறி ஸ்டிக்கரைத் தலைகீழா ஒட்டியிருக்காங்க. பி ஃபேஸ்ல 12 ஆம்பியர்தான், அதாவது 2.2 கிலோவாட். மூணு கிளாம்ப்பையும் ஒரே வயர்ல போட்டுப் பார்த்தோம்: 60, 60, 12. மீட்டர்ல இடம் மாத்தினாலும் அந்த 12 கிளாம்ப்போடவே போகுது. அதாவது அது 200/1 சிடி, மேல 200/5 லேபிள். 60 ஆம்பியருக்கு 0.3 தான் வெளிய வரும், மீட்டர் அதை 200/5 கணக்குல 40ஆல பெருக்கி 12ன்னு காட்டுது. மூணு ஃபேஸுக்கும் ஒரே ரேஷியோதான் போட முடியும்கிறதால செட்டிங்ல சரி பண்ணவும் வழியில்லை.

ஃபோன் பண்ணினா முதல் நாள் "குளிருக்கு அப்படித்தான் காட்டும்". அடுத்த நாள் "உங்க வயர்மேன் தப்பா மாட்டியிருப்பார்". மூணாவது நாள் சொன்னதுதான் பொறுக்க முடியலை: "லோடு ஓடும்போதே எஸ்1, எஸ்2 வயரைக் கழட்டி மாத்திப் பாருங்க." சிடில இருந்து மீட்டருக்குப் போற செகண்டரி வயர்தான் அது. சிடி வித்துப் பிழைக்கிறவன் சொல்ற பேச்சா இது? கரண்ட் ஓடும்போது செகண்டரி திறந்தா அங்க உயிரை எடுக்கிற அளவு வோல்டேஜ் ஏறும். பேச்சைக் கேட்டு ஒரு பையன் கையை வெச்சிருந்தா? கடைசியா "பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது"ன்னுட்டு நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. ரூ.18,500 போனது போனதுதான்.

விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியலை. இதை மட்டும் பாருங்க. ரிப்போர்ட் நம்பரும் பொருள் மேல இருக்கிற நம்பரும் ஒத்துப்போகாம பணம் குடுக்காதீங்க. வந்த அன்னைக்கே மூணையும் ஒரே வயர்ல போட்டு வீடியோ எடுங்க. செகண்டரி வயரைத் தொடுறதுக்கு முன்னாடி கிளாம்ப்பை லைன்ல இருந்து எடுத்துடுங்க.