ஸாப்ஃப் சான்சரி: முழுக்க கேப்பிடலில் மட்டும் அடிக்காதீர்கள்

ஸாப்ஃப் சான்சரியா, அது பழைய ஃபான்ட் ஆச்சே என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1980களில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில் இயங்கிய லேசர் பிரின்டர்களோடு வந்த 35 எழுத்துருக்களில் இதுவும் ஒன்று, கையெழுத்து மாதிரி இருந்தது இது ஒன்றுதான், அதனால் சான்றிதழ், அழைப்பிதழ், மெனு, அறிவிப்புப் பலகை என்று எல்லாவற்றிலும் இதையே எடுத்துப் போட்டார்கள்.

ஆனால் பெரிதாக்கிப் பாருங்கள். ஹெர்மன் ஸாப்ஃப் ஜெர்மன்காரர், எழுத்துரு வடிவமைப்பாளர் மட்டுமல்ல, பேனா பிடித்து எழுதிப் பழகிய கை. 1979-ல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனத்துக்காக இதைச் செய்தார். மறுமலர்ச்சிக் கால இத்தாலியில், போப்பின் அலுவலக எழுத்தர்கள் பட்டை நிப்பால் எழுதிய சாய்வெழுத்துதான் மூலம், சான்சரி என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். நிப்பை ஒரே கோணத்தில் பிடித்து இழுத்தால் கோடு எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்பது ஒவ்வொரு எழுத்திலும் அப்படியே தெரிகிறது. உயரமான எழுத்துகளின் தலை லேசாக வளைந்து நிற்கும். அலங்காரம் அவ்வளவுதான், அதற்கு மேல் சுருள் போட்டு வார்த்தையை மறைப்பதில்லை. இந்த அடக்கம்தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது.

ஒரு சான்றிதழ் வேலையில் பெயரை முழுக்க கேப்பிடலில் அடித்தேன், படிக்கவே முடியவில்லை. அதே பெயரை முதல் எழுத்து மட்டும் கேப்பிடலாக, மற்றதெல்லாம் சின்ன எழுத்தாக மாற்றினேன், 30 பாயின்டில் அப்படியே எழுந்து நின்றது. கேப்பிடல்கள் வார்த்தையின் வாசலில் நிற்கச் செய்யப்பட்டவை, வரிசையாக நிறுத்தினால் ஒன்றோடொன்று இடிக்கும். எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் வேண்டாம், பேனாவின் ஓட்டம் அறுந்துபோகும்.

கவிதைத் தலைப்பு, புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கம், அழைப்பிதழில் பெயர்கள், இரண்டு வரி மேற்கோள், இதற்கெல்லாம் தாராளமாகப் போடலாம். பக்கம் பக்கமாக ஓடும் உரைக்கு வேண்டாம். 10 பாயின்டில் எழுத்து ஒல்லியாகி, தடிப்பும் மெலிவும் ஒன்றாகிவிடும், கண் சீக்கிரம் களைத்துப் போகும். உரைக்கு ஸாப்ஃபே வடிவமைத்த பலாட்டினோ என்ற எழுத்துருவைப் போட்டுத் தலைப்பை மட்டும் இதில் வையுங்கள், ஒரே கையில் பிறந்தவை என்பதால் இழுபறி இருக்காது.

ஆஃபீஸ் மென்பொருளில் பார்க்கும் மோனோடைப் கோர்சிவாவை இதுதான் என்று நினைத்துக் குழம்புவார்கள். அது பட்ரீசியா சாண்டர்ஸ் செய்த வேறு எழுத்துரு, பார்க்க மட்டும் ரொம்ப நெருக்கம்.

அப்புறம், வாங்காமல் முயன்று பார்க்க வேண்டுமென்றால் டெக் ஜைர் கோரஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, இதே வடிவத்தின் வழிவந்ததுதான். முதலில் உங்கள் பெயரை அதில் பெரிதாக அடித்து, தாளில் அச்சிட்டுப் பாருங்கள், திரையில் இந்த மெல்லிய கோடுகள் சரியாகத் தெரியாது.