ஒரே ஆண்டெனா, நான்கு தொலைக்காட்சிகள்: நான்கு வழி ஸ்பிளிட்டரோடு ஓர் அனுபவம்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் கோபுரத்திலிருந்து வரும் வசந்தம் என்னும் தமிழ் ஒளிவழி கடலிடுக்கைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் எட்டுவதால், தெற்கு நோக்கிய ஆண்டெனா ஒன்று எங்கள் வீட்டுக் கூரையில் நெடுங்காலமாக நிற்கிறது. 2019இல் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் அனலாக் ஒளிபரப்பை முற்றாக நிறுத்திய பிறகு, இரு நாடுகளும் டிவிபி-டி2 என்னும் ஒரே டிஜிட்டல் ஒளிபரப்பு முறையையே கையாள்கின்றன; அதே பழைய ஆண்டெனாவே போதுமானதாக இருந்தது. ஆனால் அது கூடத்துத் தொலைக்காட்சிக்கு மட்டுமே உழைத்தது. அம்மாவின் அறையிலும் சமையலறையிலும் மாடியில் தம்பியின் அறையிலும் இருந்த சிறு ஆண்டெனாக்களோ, யாராவது குறுக்கே நடந்தாலே படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும்.

இதற்காக வாங்கியது, ஒரே கேபிளில் வரும் சிக்னலை நான்காகப் பிரிக்கும் 15 ரிங்கிட் விலையுள்ள நான்கு வழி ஸ்பிளிட்டர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான இந்த உலோகப் பெட்டியில் 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று பொறித்திருக்கிறது. இதைக் கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் டிஷ் ஆண்டெனாவுக்கான 2400 வரையிலான ஸ்பிளிட்டர்களும் அதே தட்டில்தான் அடுக்கியிருக்கின்றன. நான்காகப் பிரியும்போது ஒவ்வொரு வழிக்கும் ஏறத்தாழ 7 டெசிபல் குறையும், அதாவது வந்த சிக்னலில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் கிடைக்கும். கேட்பதற்கு இது பெரிய இழப்பாகத் தோன்றினாலும், கோபுரம் வெறும் 12 முதல் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதைத் தாங்கும் அளவுக்குச் சிக்னல் மிச்சமிருக்கிறது.

கடைக்காரர் அதை நம்பவில்லை. "பூஸ்டர் இல்லாம நாலு டிவி ஓடாதுண்ணே" என்று சொல்லி, சிக்னலைப் பெருக்கும் 60 ரிங்கிட் பூஸ்டர் ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டார். கூரையில் பொருத்திய அந்தப் பூஸ்டருக்கு மின்சாரம் கூடத்து டிகோடரிலிருந்து (டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கித் தொலைக்காட்சிக்குத் தரும் பெட்டி), அதே கேபிள் வழியாக 5 வோல்ட்டாக மேலே ஏறுகிறது; ஸ்பிளிட்டரில் மின்சாரத்தைக் கடத்தும் வாய் ஒன்றே ஒன்று என்பதால் கூடத்துக் கேபிளை அதில்தான் மாட்ட வேண்டும். இரவு பத்து மணிக்கு அம்மா கூடத்துச் சுவிட்சை அணைத்ததும் மாடியிலிருந்து தம்பி, "படம் போச்சு!" என்று கத்தியபோதுதான், வீட்டின் நான்கு தொலைக்காட்சிகளும் அந்த ஒற்றைச் சுவிட்சை நம்பியிருப்பது புரிந்தது. பூஸ்டருக்குத் தனி மின் அடாப்டர் வாங்கிக் கொடுத்த பிறகும், விளக்கு வைத்த நேரத்தில் சில ஒளிவழிகள் திடீரெனச் சிதறின. அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் வலுவான சிக்னலைப் பூஸ்டர் மேலும் பெருக்க முயன்று திணறித் தானே இரைச்சலை உண்டாக்குகிறது என்று ஊகித்துக் கழற்றிப் பார்த்தேன். அன்று முதல் நான்கு அறைகளிலும் வசந்தமும் மற்ற சிங்கப்பூர் ஒளிவழிகளும் தெளிவாக இருக்கின்றன. பூஸ்டர் இப்போது மேசை இழுப்பறையில் உறங்குகிறது.

ஸ்பிளிட்டரில் குறை காண வேண்டுமென்றால், அதனுடன் வரும் திருகு கனெக்டர்களைச் சொல்லலாம். சமையலறைத் தொலைக்காட்சி முதல் நாள் ஒன்றையுமே காட்டாததற்கு ஸ்பிளிட்டரைத்தான் சந்தேகித்தேன். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, கேபிளின் வெளிப்பின்னலிலிருந்து முடியளவு மெல்லிய இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நறுக்கியதும் படம் வந்துவிட்டது. அழுத்திப் பொருத்தும் வகைக் கனெக்டர்களைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. ஏதேனும் ஒரு வாய் பயன்படாமல் இருந்தால் 75 ஓம் மூடியால் அடைத்துவிட வேண்டும். அது சில்லறைக் காசுதான்.

ஆனால் ஆண்டெனா தெற்கைப் பார்ப்பதால், வடமேற்கே குனோங் பூலாயிலிருந்து வரும் மலேசிய ஒளிவழிகளை அது முதுகால்தான் வாங்குகிறது. முன்பு கூடத்தில் தடையின்றி வந்த டிவி2 தமிழ்ச் செய்தி, ஸ்பிளிட்டருக்குப் பிறகு கூடத்தில் தாக்குப்பிடிக்கிறது. மிக நீளமான கேபிள் ஓடும் சமையலறையில் மழை நாட்களில் உடைகிறது. அந்த அறைக்கு மட்டும் ஜன்னலோரப் பழைய ஆண்டெனாவை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.