சரிவு நிலத்தில் ரெடிமேட் காம்பவுண்ட்: ஐந்து மழைக்காலம் பார்த்த பிறகு

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே 63 அடி எல்லை. ரோட்டு முனையிலிருந்து கீழ்க்கோடி வரை 9 அடி இறக்கம். மேஸ்திரி ட்யூப் லெவல் பிடித்துச் சொன்ன கணக்கு. பக்கத்தில் வீடு எழும்பியதும் முற்றத்தில் உட்கார்ந்து டீ குடிக்கவே கூச்சமாகிவிட்டது. 2020ல் 6 அடி உயர ரெடிமேட் காம்பவுண்ட் போட்டோம், அதாவது கான்கிரீட் தூண்களை நட்டு, நடுவே கான்கிரீட் ஸ்லாபைச் செருகும் சுவர்.

இந்தச் சுவரைத் தரையோடு சாய்த்துப் போட முடியாது. தூணில் இருக்கும் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) 7 அடி நீள ஸ்லாபை மட்டமாகத்தான் இறக்க வேண்டும். அதனால் 7 அடிக்கு ஒரு தூண், தூணுக்கு 1 அடி இறக்கம் என்று படிப்படியாகப் போனது. பார்க்க நன்றாகவே இருந்தது.

சிக்கல் தூணில் வந்தது. சதுர அடிக் கணக்கில் விலை பேசியவர்கள் 8 அடித் தூண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். 6 அடி மேலே, 2 அடி குழிக்குள் என்பது சமதரைக்குச் சரி. சரிவில் ஒவ்வொரு தூணும் மேல் படியின் உச்சியையும் பிடித்து நிற்க வேண்டும். அது தூணடியிலிருந்து 7 அடி. அப்படியானால் மண்ணுக்குள் மிஞ்சுவது ஒரே அடி! இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு 9 அடித் தூண் வந்தது, வண்டி வாடகை என் தலையில்.

அடுத்தது, ஒவ்வொரு படிக்கும் அடியில் விழுகிற முக்கோணச் சந்து. நாய் நுழையும், காட்டுப்பன்றி மூக்கை விடும். கருங்கல் வைத்துச் சிமென்ட் பூசி அடைத்தேன். தப்பு என்னுடையதுதான். எங்கள் மனை பக்கவாட்டிலும் சுவரை நோக்கிக் கொஞ்சம் சாய்வு. முதல் ஐப்பசி மழையிலேயே தண்ணீர் போக வழியில்லாமல் சுவரை ஒட்டி ஓடி, ஏழாவது தூணின் அடிமண்ணை அரித்துவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் உச்சியில் இரண்டு விரல் சாய்வு. குழாய் வைத்துப் பக்கத்து மனைக்குள் விட்டால் வேறு சண்டை வரும். சரி என்று, சுவரிலிருந்து 2 அடி தள்ளி வாய்க்கால் வெட்டிக் கீழே ஓடையில் சேர்த்தேன். அதற்குப் பிறகு நான்கு மழை பார்த்தாயிற்று, அந்தச் சாய்வு கூடவில்லை.

மறைப்பு? பாதிக்குப் பாதிதான். அவர்கள் வராந்தா மேல்கோடியில், உயரமான அஸ்திவாரத்தில் இருக்கிறது. சுவர் படிப்படியாக இறங்குகிறது, அவர்கள் கண் இறங்குவதில்லையே! கீழே எங்கள் துணிக்கொடி வரை தெரிந்தது. சுவர் போடும் முன் அந்த வராந்தாவில் ஒருமுறை நின்று பார்த்திருக்க வேண்டும். கடைசி மூன்று கட்டத்துக்கு மட்டும் மேலே இரும்பு ஆங்கிள் ஏற்றி, கம்பி கட்டி, தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) கொடி விட்டேன். மூட ஒன்றரை வருஷம் ஆனது.

இப்போது ஸ்லாப் முழுக்கப் பாசி, விரிசல் இல்லை. காலியாக நிற்கும் மேல் காடிகளில் குளவி கூடு கட்டுகிறது. இரண்டு தூணில் கம்பித் துரு வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. மாசி வெயிலில் சுரண்டிப் பூச வேண்டும்.